பின்னால வர்றவனுக்குத்தான் அந்த விளக்கு

போன மாசம் எங்க குட்டியானைக்கு எஃப்.சி. காட்டப் போயிருந்தேன். நகரத்துல இருக்கறவங்களுக்கு எஃப்.சி.ன்னா என்னன்னு தெரியாம இருக்கலாம். வாடகைக்கோ சரக்குக்கோ ஓடற வண்டி எல்லாத்துக்கும் 'இது ரோட்டுல ஓடத் தகுதியான வண்டிதான்'னு ஒரு சான்று வேணும். வண்டி வாங்கி 8 வருஷம் ஆகற வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒருதடவை, அதுக்கப்புறம் வருஷா வருஷம். எங்க வண்டிக்கு 8 வருஷம் தாண்டி ரொம்ப நாளாச்சு. வாழைத்தார், மஞ்சள், தக்காளிக் கூடை, உர மூட்டை, சில நாள் கல்யாண வீட்டுப் பாத்திரம்னு எல்லாம் ஏத்தின வண்டி அது.

எங்க பக்கம் மோட்டார் வாகன ஆய்வாளரை இன்னைக்கும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'னுதான் சொல்லுவோம். அன்னைக்கு வந்தவர் சின்ன வயசுக்காரர். என்னை உள்ளே உக்காரச் சொல்லிட்டு அவர் பின்னாடி போய் நின்னார்.

"இண்டிகேட்டர் போடுங்க. ரைட்டு."

போட்டேன். டிக்டிக்டிக்னு படபடன்னு அடிச்சது.

"பிரேக் மிதிங்க."

மிதிச்சேன். அவர் முன்னாடி வந்தார். "ஏங்க, ரைட்டு இண்டிகேட்டர் பின்னாடி எரியல. பிரேக் மிதிச்சா பார்க் லைட்டும் சேர்ந்து எரியுது. இடது பக்கம் மினுக்கு மினுக்குன்னு இருக்குது. நம்பர் பிளேட்டுக்கு லைட்டே இல்ல. ஸ்டிக்கர் பாதி உரிஞ்சு கெடக்குது. சரி பண்ணிட்டு கொண்டாங்க."

பிரேக் சரி, டயர் சரி, புகை சரி. வண்டி திரும்பினது முழுக்க விளக்குக்காகத்தான். எனக்கு முதல்ல கோவம்தான் வந்தது. ஒரு நாள் வேலை போச்சு, டீசல் போச்சு, இன்னொரு நாளும் வரணும். வெளியே டீக்கடையில் நின்னுட்டிருந்தப்ப, இந்த மாதிரி காரியத்துக்கே நிக்கற ஒருத்தர் வந்தார். "அண்ணா, எதுக்குங்க அலையறீங்க? நம்ம கடையில நல்ல லைட்டு செட்டு இருக்குது. மாட்டிக்கலாம், காட்டிட்டு கழட்டிக் குடுத்திருங்க. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுரும்"னார்.

இது புதுசு இல்லைங்க. எஃப்.சி.க்கு மட்டும் நல்ல டயர் வாடகைக்கு மாட்டறவங்க உண்டு. தீயணைக்கற சிலிண்டரை இரவல் வாங்கி வைக்கறவங்க உண்டு. முதலுதவிப் பெட்டி ஒண்ணு பத்து வண்டிக்குச் சுத்தி வரும். நானே முன்ன ஒரு வருஷம் அப்படிப் பெட்டி இரவல் வாங்கினவன்தான். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது.

அன்னைக்கும் 'சரி'ன்னு சொல்ல வாயைத் திறந்துட்டேன். அப்புறம் என்னமோ வேண்டாம்னு வண்டியைத் திருப்பிட்டேன். காரணத்தைக் கீழே சொல்றேன். முதல்ல, வீட்டுக்கு வந்து என்ன பண்ணினேன்னு சொல்லிடறேன். ஏன்னா இந்தப் பழுது எல்லாம் நாமளே பார்த்துக்கற அளவு சின்னதுங்க.

சாளைக்கு முன்னால வேப்பமரத்தடியில வண்டியை நிறுத்தினேன். சாவியை எடுத்துட்டு, பேட்டரியோட நெகட்டிவ் முனையைக் கழட்டி வச்சேன். ஒயர் மேல கை வைக்கறதுக்கு முன்ன இதைச் செய்யறது நல்லது. ஸ்பேனர் தப்பித்தவறி பாடியில பட்டாக்கூட பொறி பறக்காது. சோதிக்கற நேரத்துல மட்டும் மறுபடி மாட்டிக்கலாம்.

வலது பக்கப் பின்விளக்கு மூடியில ரெண்டே ஸ்க்ரூ. கழட்டினா உள்ள குளவிக்கூடு! செம்மண்ணைக் குழைச்சு அழகா ஹோல்டரை ஒட்டிக் கட்டி வச்சிருக்குது. அதுக்குக் கீழ போன ஐப்பசி மழைத் தண்ணி நின்னு காஞ்ச தடம். ரப்பர் வாசர் நைஞ்சு போயிருந்தது. பல்பை அழுத்தித் திருகி எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். கண்ணாடி கறுத்து, உள்ள இழை அறுந்து கிடந்தது. இண்டிகேட்டர் படபடன்னு அடிச்சதுக்கு இதுதான் காரணம். எங்க வண்டி மாதிரி வண்டிகள்ல ஒரு பக்கம் ஒரு பல்பு போயிட்டா, மிச்சம் இருக்கறது வேகமா அடிக்கும். வண்டியே நம்மகிட்ட 'ஒண்ணு போச்சுடா'ன்னு சொல்ற பாஷை அது. எத்தனை மாசமா சொல்லிட்டு இருந்துச்சோ, நான் பாட்டுப் போட்டுக்கிட்டு ஓட்டியிருக்கேன்.

புது பல்பு 21 வாட். 25 ரூபா. போட்டேன், எரியல. இங்கதான் நிறையப் பேர் 'ஒயரிங் போச்சு'ன்னு முடிவு கட்டி எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவாங்க. கொஞ்சம் பொறுங்க. ஹோல்டருக்குள்ள பார்த்தா பித்தளையில பச்சையா களிம்பு ஏறியிருக்குது. புளி போட்டுத் தேய்க்காத செப்புக் குடம் மாதிரி. உப்புத்தாளைச் சின்னதாச் சுருட்டி உள்ள விட்டு நாலு தேய் தேய்ச்சேன். அடியில இருக்கற தொடுமுனையைக் கொஞ்சம் மேல நெம்பி விட்டேன். ஒரு துளி வாசலின் தடவினேன், மறுபடி ஈரம் ஏறாம இருக்க. இப்ப பல்பைப் போட்டதும் பளிச்.

அடுத்தது, பிரேக் மிதிச்சா பார்க் லைட்டும் சேர்ந்து எரியற கதை. இது நானே பண்ணின கோளாறு. பின்னாடி சிவப்பு விளக்குல இருக்கற பல்புக்குள்ள ரெண்டு இழை இருக்கும். ஒண்ணு 5 வாட், ராத்திரியெல்லாம் எரியறது. இன்னொண்ணு 21 வாட், பிரேக் மிதிச்சா எரியறது. அந்த பல்போட அடியில ரெண்டு தொடுபுள்ளி இருக்கும். பக்கத்துல இருக்கற ரெண்டு குமிழும் ஒரே உயரத்துல இருக்காது, ஒண்ணு மேல ஒண்ணு கீழ. தப்பாப் போட்டுறக் கூடாதுன்னே அப்படிச் செஞ்சிருக்கான். இண்டிகேட்டர் பல்புல ஒரே இழை, ஒரே புள்ளி, குமிழ் ரெண்டும் சமமா இருக்கும். போன வருஷம் ஒரு ராத்திரி சந்தைக்குப் போற அவசரத்துல, கைக்குக் கிடைச்ச ஒத்தை இழை பல்பை இதுல அமுக்கித் திருகி ஏத்தி வச்சிருந்தேன். ஒத்தைப் புள்ளி ரெண்டு முனையையும் சேர்த்துத் தொட்டா, இதுக்குப் போற கரண்டு அதுக்கும் போகாம என்ன பண்ணும்? சரியான பல்பைப் போட்டதும் அந்தக் கோளாறு தீர்ந்தது. பல்பு சுலபமா உக்காரலைன்னா அது அந்த வீட்டுப் பிள்ளை இல்லைன்னு அர்த்தம். அமுக்கக் கூடாது.

இடது பக்கம் மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சதுதான் கொஞ்சம் நேரம் எடுத்தது. பல்பு சரி, ஹோல்டர் சரி, ஆனா வெளிச்சம் செத்துப் போய் இருக்குது. பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் மங்குது. இப்படி ஒண்ணைப் போட்டா இன்னொண்ணு ஆடினா, முதல்ல எர்த்தைப் பார்க்கணும். விவசாயிக்கு இதைப் புரிஞ்சுக்கறது சுலபம். வயலுக்குத் தண்ணி வர வாய்க்கால் இருக்கற மாதிரி, போக வடிகாலும் வேணும். வடிகால் அடைச்சா தண்ணி வரப்பு ஏறிப் பக்கத்து வயலுக்குப் போகும். கரண்டும் அப்படித்தான். ஒயர் வழியா வந்து, வண்டி பாடி வழியாத்தான் பேட்டரிக்குத் திரும்பிப் போகுது. பாடியில முடுக்கியிருக்கற அந்த எர்த் போல்ட்டு துருப்பிடிச்சா, போக வழியில்லாம அடுத்த பல்பு வழியாப் போகப் பார்க்கும்.

எங்க வண்டியில அந்த போல்ட்டு சேஸிஸ் ஓரத்துல இருக்குது. பத்து வருஷமா மேல உர மூட்டை ஏத்தி, சிந்தினது மழையில கரைஞ்சு அங்கதான் இறங்கியிருக்கு. போல்ட்டு பொரிஞ்சு போய்க் கிடந்தது. கழட்டி, இரும்பு தெரியற வரைக்கும் தேய்ச்சு, புது போல்ட்டும் வாசரும் போட்டு முடுக்கி, மேல கிரீஸ் பூசினேன். 10 ரூபா வேலை.

நம்பர் பிளேட் லைட்டுக்கு ஒயரை எலி கடிச்சிருந்தது. வெறும் முறுக்கி டேப் சுத்தினா அடுத்த மழைக்கு மறுபடி போகும். அதனால ஈயப்பற்று வச்சு, அதுக்கு மேல டேப் சுத்தினேன்.

கடைசியா ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தப்பதான் எனக்குக் கொஞ்சம் வயிறு கலங்கிச்சு. ஒரு ஃபியூஸ் மேல செப்புக் கம்பி சுத்தி வச்சிருந்தது. எப்பவோ எங்க வண்டியை ஓட்டின பையன் பண்ணின வேலையா, இல்ல நானே பண்ணி மறந்துட்டேனான்னு தெரியல. ஃபியூஸ் போறது வண்டியைக் காப்பாத்தறதுக்காக. அதுக்குப் பதில் கம்பியைச் சுத்தினா, அடுத்ததா சூடாகி உருகப்போறது உள்ள ஓடற ஒயரு. மேல வைக்கோல் ஏத்தியிருந்தா நினைச்சே பார்க்க வேண்டாம். ஃபியூஸ் வாங்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எந்த நிறம் இருந்துச்சோ அதே நிறத்தைத்தான் போடணும். போட்டதும் மறுபடி மறுபடி போகுதுன்னா, பெரிய ஃபியூஸ் போடறது தீர்வு இல்லை. எங்கேயோ ஒயர் உரசுதுன்னு அர்த்தம். அங்க நம்ம வேலை முடிஞ்சது, எலக்ட்ரீசியன் வேலை ஆரம்பிக்குது.

பொழுது சாயற நேரம் மகள் காலேஜ் விட்டு வந்தா. "பின்னாடி நின்னு பாரு கண்ணு"ன்னு சொல்லி ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டினேன். பார்க் லைட்டு, பிரேக்கு, இடது, வலது, ரிவர்ஸ், நம்பர் பிளேட்டு. ஆள் இல்லாட்டியும் பரவாயில்ல. இருட்டின அப்புறம் வண்டியோட பின்பக்கத்தைச் சுவத்துப் பக்கமா நிறுத்தி மிதிச்சா, சிவப்பு வெளிச்சம் சுவத்துல விழறது கண்ணாடியில தெரியும்.

மொத்தச் செலவு, ஒளிரும் ஸ்டிக்கரோட சேர்த்து, 500 ரூபாக்குள்ள. நேரம், ஒரு அரை நாள்.

இப்ப நான் ஏன் அந்த இரவல் லைட்டு வேண்டாம்னு வந்தேன்னு சொல்றேன்.

எங்க தாத்தா காலத்துல மாட்டுவண்டிதான். சந்தைக்கு ராத்திரி 2 மணிக்குக் கிளம்புவாங்க. வண்டியோட அடியில, அச்சுக்குப் பக்கத்துல ஒரு லாந்தர் தொங்கும். சின்ன வயசுல நான் கேட்டிருக்கேன், அடியில தொங்கினா மாட்டுக்கு எப்படி வழி தெரியும்னு. மாட்டுக்கு வழி தெரியும், அதுக்கு வெளிச்சம் வேண்டாம்னு சொன்னார். வண்டியில ஆள் தூங்கிட்டாலும் மாடு சரியாச் சந்தைக்குப் போய் நிக்கும். லாந்தர், எதுத்தாப்புலயும் பின்னாலயும் வர்றவனுக்கு. அப்ப ரோட்டுல வர்றதே ராத்திரிக்கு நாலு லாரி. அந்த நாலு லாரிக்காக மண்ணெண்ணெய் ஊத்தி விளக்கு கட்டினாங்க.

அப்புறம் டிராக்டர் வந்தது. எங்க அப்பா வாங்கினார். பின்னாடி டிரெய்லர். டிரெய்லர்ல சிவப்பு விளக்கு வச்சுத்தான் செஞ்சு குடுத்தாங்க. அதுக்கு ஒயரும் இருந்தது, முனையில பிளக்கும் இருந்தது. ஆனா அந்த பிளக்கை எங்க டிராக்டர்ல ஒருநாளும் சொருகினது இல்ல. ஏர் ஓட்டறப்ப டிரெய்லரைக் கழட்டணும், மறுபடி மாட்டணும், அந்த ஒயரு எதுக்குன்னு சுருட்டிக் கட்டி வச்சிருந்தோம். ரெண்டு வருஷத்துல விளக்கு மூடி உடைஞ்சது. அப்புறம் அந்த இடத்துல வெறும் ஓட்டை.

ஒரு தை மாசம், கரும்பு ஏத்திக்கிட்டு ஆலைக்குப் போறப்ப வழியில டயர் வெடிச்சு நின்னுடுச்சு. பொழுது இறங்கிருச்சு. அப்பா எல்லாரும் பண்றதைத்தான் பண்ணினார். சக்கரத்துக்குக் கல்லு வச்சார், வேலியில ஒரு கொப்பை ஒடிச்சுப் பின்னாடி ரோட்டுல போட்டார். ஆளைக் கூட்டியாரப் போன நேரத்துல, பைக்ல வந்த ஒரு பையன் நேரா வந்து கரும்புக் கட்டுல மோதிட்டான். 20 வயசுகூட இருக்காது. உசுரு பொழைச்சது. வலது கால் முட்டிக்குக் கீழ பழைய மாதிரி ஆகவே இல்ல.

கேஸ் நடந்தது, பணம் குடுத்தோம், அது ஒரு பக்கம். எனக்கு மறக்காதது வேற. ஆஸ்பத்திரியில அந்தப் பையனோட அம்மா எங்க அப்பாவைத் திட்டவே இல்லைங்க. "ஒரு வெளக்கு வெச்சிருக்கக் கூடாதாங்க"ன்னு மட்டும்தான் கேட்டாங்க. அப்பா அதுக்கு ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் யார்கிட்டயும் பேசல. அப்புறம் டவுனுக்குப் போய் விளக்கு செட்டு வாங்கிட்டு வந்து, அவரே உக்காந்து மாட்டினார். பல்பு மாட்டறது எப்படின்னு நான் கத்துக்கிட்டது அன்னைக்கு, அவர் பக்கத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னப்பதான்.

அந்த இரவல் செட்டுக்காரர் "காட்டிட்டு கழட்டிக் குடுத்திருங்க"ன்னு சொன்னப்ப எனக்கு அந்த டார்ச் வெளிச்சம்தான் ஞாபகம் வந்தது.

என் கருத்து இதுதாங்க. எஃப்.சி.யை நாம ஒரு பரீட்சை மாதிரி ஆக்கி வச்சிருக்கோம். பரீட்சை அன்னைக்கு மட்டும் படிச்சு, அடுத்த நாள் மறந்துடற மாதிரி. பின்னால வர்றவன் இன்ஸ்பெக்டர் வந்த நாள்ல மட்டுமா வர்றான்? மிச்ச 364 ராத்திரியும் வர்றான். 80 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகுது. டிம் வெளிச்சத்துல அவனுக்கு முன்னாடி தெரியறது ஏறக்குறைய 50 மீட்டர். விளக்கில்லாம கறுப்பா நிக்கற டிரெய்லர் அவன் கண்ணுல பட்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போறதுக்குள்ள பாதி தூரம் முடிஞ்சுரும். மிச்சப் பாதியில வண்டி நிக்காது. அதே இடத்துல ஒரு 5 வாட் சிவப்புப் பொட்டு எரிஞ்சா, 200 மீட்டருக்கு முன்னாலயே காலைத் தூக்கியிருப்பான். 5 வாட் பல்புக்கும் ஒரு காலுக்கும் இருக்கற சம்பந்தம் இவ்வளவுதான்.

எங்க ஆளுககிட்ட இதைச் சொன்னா ரெண்டு பதில் வரும். ஒண்ணு, "ரோட்டுல குழியைப் பாரு, குடிச்சுட்டு ஓட்டறவனைப் பாரு, வந்துட்டான் பல்பு கதை பேச." குழி இருக்கறது உண்மை, குடிக்கறதும் உண்மை. அதெல்லாம் என் கையில இல்ல. உப்புத்தாள் என் கையில இருக்கு. என் கையில இருக்கறதைச் செய்யாம, இல்லாததைப் பத்திப் பேசறதுல என்ன நியாயம்?

ரெண்டாவது, "விவசாயியே கஷ்டத்துல இருக்கான், அவன் மேல இதுவுமா?" விவசாயி கஷ்டம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனா பல லட்சம் கடன் வாங்கி டிராக்டர் எடுக்கறோம், அதுல ஆயிரக்கணக்குல செலவு பண்ணி பாட்டுப் பெட்டியும் கலர் லைட்டும் முன்னாடி வைக்கறோம். பின்னாடி 25 ரூபா பல்பு மட்டும் பாரமாப் போகுதா? கரும்பு சீசன் ஆரம்பிச்சா போலீஸ்காரங்களும் ஆலைக்காரங்களும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி விடறது உண்டு. நல்ல காரியம். ஆனா கரும்பு ஏத்தினதும் சோகை தொங்கி அந்த ஸ்டிக்கரை மூடிருது. விளக்கையும் மூடிருது. ஏத்தி முடிச்சுப் பின்னாடி போய் ஒரு தடவை பார்க்கறதுக்கு எந்தச் சட்டமும் வந்து சொல்ல வேண்டியதில்ல. ஆலை வாசல்லயே, லோடு எடை போடறப்ப பின்விளக்கையும் ஒரு பார்வை பார்த்து அனுப்பினா இன்னும் நல்லது. எடையில பத்து கிலோ வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கற கண்ணுக்கு எரியாத விளக்கு தெரியாதா?

சரி, இது விவசாயி பிரச்சனை, நமக்கென்னன்னு நகரத்து நண்பர்கள் நினைச்சுறாதீங்க. உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும்.

என் குட்டியானையை வருஷத்துக்கு ஒருதடவையாவது ஒருத்தர் பின்னாடி நின்னு பார்க்கறார். உங்க சொந்தக் காரை யார் பார்க்கறாங்க? பதிவு பண்ணினா 15 வருஷத்துக்கு எந்த இன்ஸ்பெக்டர்கிட்டயும் காட்ட வேண்டியதில்ல. அப்புறம் பதிவைப் புதுப்பிக்கப் போறப்பதான் முதல்தடவையாக் காட்டறீங்க. அந்த 15 வருஷமும் உங்க இன்ஸ்பெக்டர் நீங்கதான். டவுனுக்கு வந்தா சிக்னல்ல நிக்கற வண்டிகளை இப்ப நான் எண்ணிப் பார்க்கறேன். நல்ல நல்ல கார், ஒரு பக்க பிரேக் லைட் எரியறதில்ல. ஓட்டறவருக்குத் தெரியவே தெரியாது. முன்னாடி லைட்டு போனா நமக்கே தெரியும். பின்னாடி போனா நம்மைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

இன்னொண்ணு, முன்விளக்கு. வெள்ளை வெளேர்னு கண்ணைக் குத்தற விளக்கை வாங்கி மாட்டிக்கிட்டு எங்க ரோட்டுக்கு வர்றீங்க. எதுத்தாப்புல சைக்கிள்ல பால் கேன் கட்டிட்டு வர்ற எங்க சித்தப்பாவுக்கு அஞ்சு நொடிக்கு ஒண்ணுமே தெரியாது. அஞ்சு நொடியில அவர் வாய்க்காலுக்குள்ள இருப்பார். டிம் போட்ட விளக்கு, 8 மீட்டர் தள்ளி வலது பக்கம் நிக்கற ஆளோட கண்ணை, அதாவது தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்துல கூசக் கூடாதுங்கறது மோட்டார் வாகன விதியிலயே இருக்கு. அளவு பார்க்கறது ரொம்பச் சுலபம். டிம் போட்டுட்டு இறங்கி, எட்டு பத்து தப்படி நடந்து, வலது ஓரமா நின்னு கொஞ்சம் குனிஞ்சு உங்க வண்டியை நீங்களே பாருங்க. கண்ணு கூசினா மத்தவனுக்கும் கூசும். வண்டியோட வந்த வாட் அளவுக்கு மேல போடாதீங்க. ஹாலஜன் பல்பு மாத்தறப்ப கண்ணாடியில விரல் படக் கூடாது. கையில இருக்கற எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகி பல்பு சீக்கிரம் போயிரும். துணியில பிடிச்சு மாட்டுங்க.

எல்லாத்தையும் நீங்களே பண்ணுங்கன்னு நான் சொல்ல வரலை. புது வண்டிகள்ல பின்விளக்கு முழுக்க எல்.இ.டி.யா ஒரே கட்டா வருது, அதைப் பிரிக்க முடியாது. ஒயர் கருகின வாடை வந்தாலோ, எல்லா விளக்கும் சேர்ந்து மங்கினாலோ, முன்விளக்கோட குறியே மாறிப் போயிருந்தாலோ கடைக்குப் போறதுதான் புத்தி. ஆனா எது போயிருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குக் கடை வேண்டாம். மாசத்துக்கு ஒரு சாயங்காலம், 5 நிமிஷம், வீட்ல ஒருத்தர் பின்னாடி நின்னாப் போதும். பிள்ளைகளை நிக்க வைங்க. அவங்களும் கத்துக்குவாங்க.

அடுத்த வாரம் வண்டியை மறுபடி காட்டினேன். அதே இன்ஸ்பெக்டர்தான். பின்னாடி நின்னு ஒவ்வொண்ணாச் சொன்னார், நான் போட்டேன். "கடையில குடுத்தீங்களா?"ன்னு கேட்டார். "இல்லீங் சார், வீட்லயே பார்த்தேன்"னேன். "ம்"னுட்டு அடுத்த வண்டிக்குப் போயிட்டார். அவ்வளவுதான். நான் என்னமோ பாராட்டுவார்னு நினைச்சேன்னு வீட்ல சொன்னப்ப மகள் சிரிச்சா.

அந்த ஞாயித்துக்கிழமை பக்கத்துத் தோட்டத்து மச்சான் டிரெய்லரைக் கொண்டாந்து எங்க வேப்பமரத்தடியில நிறுத்தினார். "மாப்ள, இதுக்கு லைட்டு இருந்ததா இல்லையான்னே ஞாபகம் இல்ல, பாரு"ன்னார். ஒயரைத் தேடி எடுத்தோம். பிளக் புதுசாவே இருந்தது, சொருகினதே இல்ல. சாயங்காலத்துக்குள்ள எரிய வச்சுட்டோம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். நம்ம ஊர்ல ஒரு நல்ல பழக்கம் இருக்கு. பைக்ல யாராவது சைடு ஸ்டாண்டை எடுக்காமப் போனா, முன்னப்பின்னத் தெரியாதவங்ககூட "அண்ணா, ஸ்டாண்டு!"ன்னு கத்திச் சொல்லுவோம். பஸ்ஸுல உக்காந்திருக்கறவங்ககூட ஜன்னல் வழியாக் கையைக் காட்டுவாங்க. அதே மாதிரி, அடுத்த தடவை சிக்னல்லயோ டீக்கடையிலயோ பெட்ரோல் பங்க்லயோ ஒரு வண்டிக்குப் பின்விளக்கு எரியலைன்னா, கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொல்லுங்க. "ஏனுங்க, பின்னாடி லைட்டு எரியல." அது ஒரு கரும்பு டிராக்டரா இருந்தா இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எங்க ஆளு பாட்டுப் போட்டிருப்பான்.